ஒரே 75 கிலோ, ரெண்டு அர்த்தம்: பாடி ஃபேட் வச்சு கோல் வெயிட் போட்ட ஒரு கேஸ்

வெயிட் குறைக்க எங்கிட்ட வந்த ஒருத்தரோட கேஸ் இது, அவரோட சம்மதம் வாங்கிட்டுத்தான் எழுதறேன். ஆளை அடையாளம் காட்டற விஷயங்களை எடுத்துட்டேன், நம்பர்ல கை வைக்கல. டயட் பாக்கறவங்க, ஜிம் மாஸ்டர்ங்க, தானே எக்ஸெல்ல கணக்குப் போட்டு வெயிட் குறைக்கற ஆளுங்க, எல்லாருக்கும் இதுல ஏதாச்சும் இருக்கும்னு நினைக்கறேன்.

பின்னணி

வயசு 41, ஆண், உயரம் 170 செ.மீ, எடை 84 கிலோ. திருப்பூர்ல பனியன் கம்பெனி ஒண்ணுல அக்கவுண்ட்ஸ் பாக்கறாரு, காலைல ஒம்போதுல இருந்து நைட் எட்டு வரைக்கும் சேர்லயேதான். அப்பாக்கு சுகர். இவருக்கு மே மாசம் எடுத்த டெஸ்ட்ல ஹெச்பிஏ1சி (ரத்தத்துல ரெண்டு மூணு மாச சுகரோட சராசரியக் காட்டற அளவு) 6.1, அதாவது சுகர் இன்னும் வரல ஆனா வாசல்ல நிக்குது (5.7 ல இருந்து 6.4 வரைக்கும் அந்த லிஸ்ட்). டாக்டர் மாத்திரை எழுதல, வெயிட்டக் குறைச்சுட்டு வாங்கன்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டாரு, எவ்ளோ குறைக்கணும்னு சொல்லல.

எவ்ளோங்கற கேள்விக்கு அவருக்கு ஏகப்பட்ட பதில் கெடைச்சிருக்கு. வீட்ல பெரியவங்க சொல்றது உயரத்துல 100 கழிச்சா வர்ற 70. ஜிம்ல ஒரு பாடி காம்போசிஷன் மெஷின் இருக்கு, கைப்பிடியப் புடிச்சுட்டு மேல ஏறி நிக்கறது, அது 24 சதவீதம் கொழுப்புன்னு காட்டியிருக்கு. மாஸ்டர் உடனே கணக்குப் போட்டுக் குடுத்திருக்காரு: 84 கிலோல 24 சதவீதம் கொழுப்புன்னா மீதி 63.8 கிலோ கொழுப்பு இல்லாத எடை, டார்கெட் 15 சதவீதம், 63.8 ஐ 0.85 ஆல வகுத்தா 75. "ஒம்போது கிலோ தாங்ணா, ஆறு மாசத்துல முடிச்சரலாம்"னு சொல்லியிருக்காரு. வீட்ல வேற ஆன்லைன்ல வாங்குன ஸ்கேல் ஒண்ணு, போனோட கனெக்ட் ஆகறது, அது 19 சதவீதம்னு காட்டுது. அத வச்சு அதே கணக்கப் போட்டா கோல் வெயிட் 80!

அக்கவுண்ட்ஸ் ஆளு இல்லையா, மூணையும் ஒரு ஷீட்ல போட்டு எடுத்துட்டு வந்து எம்முன்னாடி வச்சுட்டு, "எந்த பேலன்ஸ் ஷீட் மேடம் சரி?"ன்னு கேட்டாரு.

முதல் சந்திப்புல பாத்தது

ஃபார்முலால தப்பே இல்ல. கொழுப்பு இல்லாத எடைய, ஒண்ணுல இருந்து டார்கெட் சதவீதத்தக் கழிச்சு வர்றதால வகுக்கணும், அவ்ளோதான், மாஸ்டர் போட்டது கரெக்ட். ஆனா அதுக்குள்ள நம்ம போடற நம்பர் ஒவ்வொரு சதவீதம் தப்புனாலும் இவர் எடைல இருக்கற ஆளுக்கு கோல் வெயிட் சுமாரா ஒரு கிலோ நகரும். 19க்கும் 24க்கும் நடுவுல அஞ்சு சதவீதம், 80க்கும் 75க்கும் நடுவுல அஞ்சு கிலோ. அதனால முதல்ல கேக்க வேண்டியது எந்தக் கருவி, எப்ப, எப்படி அளந்தீங்கங்கறதுதான்.

வீட்டு ஸ்கேல் ஆப்ப வாங்கிப் பாத்தேன், ப்ரொஃபைல்ல அத்லெட் மோட் ஆன் ஆகி இருந்துச்சு. ஜிம்முக்குப் போறேனேன்னு அவர்தான் டிக் பண்ணியிருக்காரு. அந்த மோட் ஓடிப் பழகின, தசை ஜாஸ்தி இருக்கற உடம்புக்குன்னு வேற சமன்பாட்டப் போட்டு கொழுப்பக் கொறச்சுக் காட்டும். ஜிம் மெஷின்ல ஏறுனது சாயந்தரம், டீ, வடை, ஒரு பாட்டில் தண்ணி எல்லாம் உள்ள போனதுக்கு அப்பறம். இந்த மெஷின் எல்லாம் லேசா கரண்ட் அனுப்பி அது எவ்ளோ தடைபடுதுன்னு பாத்து, அதுல இருந்து உடம்புல தண்ணி எவ்ளோன்னு யூகிச்சு, தண்ணில இருந்து கொழுப்பு இல்லாத எடைய யூகிக்குது, கடைசில மிச்சத்த கொழுப்புன்னு சொல்லுது. யூகத்து மேல யூகம். தண்ணி குடிச்சிருக்கீங்களா, நடந்துட்டு வந்தீங்களாங்கறதே ரிசல்ட்ட மாத்திரும்.

அப்பறம் இஞ்ச் டேப். "இடுப்பு 34 தான் மேடம், கல்யாணத்துல இருந்து அதே பேண்ட் சைஸ்தான்"னாரு. நம்மூர் ஆம்பளைங்க முக்கால்வாசிப் பேர் பேண்ட்ட தொப்பைக்குக் கீழ போடறாங்க, அதனால தொப்பை எவ்ளோ வந்தாலும் பேண்ட் சைஸ் காட்டிக் குடுக்காது. தொப்புளுக்கு நேரா டேப்ப சுத்துனா 98 செ.மீ. கழுத்து 38. அமெரிக்கக் கடற்படைக்காக 1984ல உருவாக்குன ஃபார்முலா ஒண்ணு இருக்கு, ஆண்களுக்கு இடுப்பு, கழுத்து, உயரம் மூணு போதும், அதுல போட்டா 26.9 சதவீதம் வந்துச்சு. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ தாண்டுனாலே ரிஸ்க்குன்னுதான் எடுத்துக்கறோம், இவர் எட்டு செ.மீ தாண்டி நிக்கறாரு.

பாத்தா அப்படித் தெரிய மாட்டாரு. கை கால் ஒல்லி, சட்டைய வெளிய விட்டா சாதாரண ஆளு. நம்ம ஆளுங்க உடம்பு வாகே இதுதான், 2004ல லேன்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஒரு போட்டோவ இந்த மாதிரி ஆளுங்ககிட்ட சொல்றது வழக்கம். புனே டாக்டர் யாஜ்னிக், பிரிட்டன் டாக்டர் யுட்கின், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோன்னு சொல்ற நம்பர்) 22.3, ஆனா யுட்கினுக்கு கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. வேற நாட்டு உடம்புகள வச்சு செஞ்ச சமன்பாடு உள்ள ஓடற மெஷின் நம்ம கொழுப்பக் கம்மியா காட்டறதுக்கு நல்ல சான்ஸ் இருக்குங்கறது இத வச்சே புரியும்.

ஸ்கேன் ரிசல்ட்டும் அதே 75ம்

லேசான எக்ஸ்ரேய வச்சு உடம்புல கொழுப்பு எவ்ளோ, மத்தது எவ்ளோன்னு அளக்கற டெக்ஸா ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்ல. இவருக்கு எழுதிக் குடுத்ததுக்குக் காரணம் மூணு கணக்குக்கு நடுவுல மனுஷன் மாட்டிக்கிட்டு நிக்கறாரு, சுகர் வேற கிட்ட வந்துருச்சு, ஒரு தடவ சரியா அளந்துட்டா பேச்சு முடிஞ்சிரும். டெக்ஸா ஸ்கேன்னு கேட்டா நிறைய சென்டர்ல எலும்பு அடர்த்திதான் எடுத்துத் தருவாங்க, முழு உடம்பு காம்போசிஷன் வேணும்னு தனியா சொல்லணும், அத சீட்லயே எழுதி அனுப்புனேன். காலைல வெறும் வயித்துல ஜூன் மாசம் எடுத்தாரு.

ரிசல்ட் 31 சதவீதம். கொழுப்பு 26 கிலோ, மத்ததெல்லாம் சேந்து 58 கிலோ. இந்த 58 அத்தனையும் தசைன்னு நினைச்சாரு, அது எலும்பு, குடல், கல்லீரல், ரத்தம், தண்ணி எல்லாம் சேந்த கணக்குன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு.

இப்ப மாஸ்டர் சொன்ன 15 சதவீதத்துக்கு இந்த நம்பர வச்சுப் போட்டா 58 ஐ 0.85 ஆல வகுத்து 68 கிலோ. 75 கிடையாது. சரி, அந்த 75 என்னதான் ஆச்சுன்னு பாத்தா அங்கதான் விஷயமே. வெயிட் குறையும்போது கொழுப்பு மட்டும் குறையாது, கொழுப்பு இல்லாத எடையும் கொஞ்சம் போகும், சும்மா சாப்பாட்டக் குறைச்சா போற எடைல கால்வாசி வரைக்கும் அதுவா இருக்கலாம், வெயிட் தூக்கி புரோட்டீன் ஒழுங்கா எடுத்தா அதக் குறைக்கலாம். அஞ்சுல ஒரு பங்கு போகும்னு வச்சுக்கிட்டு 25 சதவீதம் கொழுப்புக்கு கணக்குப் போட்டேன், 74.8 வந்துச்சு.

அதே 75. ஜிம் கணக்குல அது 15 சதவீதம், இந்தக் கணக்குல 25. அந்த எக்ஸெல்ல நம்பி 75 வந்ததும் இவர் கண்ணாடி முன்னாடி சட்டையக் கழட்டியிருந்தா தொப்பை அங்கயேதான் இருந்திருக்கும், ஜிம் வேஸ்ட்டுன்னு விட்டிருப்பாரு. விட்டவங்க நிறையப் பேர் இந்த ரகம்தான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல்ல 15 சதவீதத்தத் தூக்குனோம். எதுக்கு 15னு கேட்டேன், போன்ல ஒரு படம் காட்டுனாரு, வரிசையா எட்டு ஆம்பளைங்க போட்டோ, கீழ சதவீதம். அந்த 15 போட்டோல இருக்கறவரு பல வருஷம் வெயிட் தூக்குன ஆளு, அவரோட 15ம் இவரோட 15ம் ஒரே மாதிரி தெரியாது. இவருக்கு 15ன்னா, அஞ்சுல ஒரு பங்கு இழப்பு சேத்தா 63, 64 கிலோக்கு இறங்கணும், கை கால் இன்னும் ஒல்லியாகிரும். டாக்டர் கேட்டது சுகரும் இடுப்பும், சிக்ஸ் பேக் இல்ல.

அதனால முதல் கட்டம் 25 சதவீதம், இடுப்பு 90க்குக் கீழ. கோல் வெயிட்ட ஒத்த நம்பரா எழுதல. தசை கொஞ்சமும் போகலன்னா 77 லயே 25 வந்துரும், அஞ்சுல ஒரு பங்கு போச்சுன்னா 75 வரைக்கும் இறங்கணும், கால்வாசி போச்சுன்னா 74. அதனால 74 ல இருந்து 77 வரைக்கும்னு எழுதிட்டு, முடிஞ்சதும் புது ஸ்கேன் எடுத்து அடுத்த கட்டத்துக்கு முதல்ல இருந்து கணக்குன்னு முடிவு. ஸ்கேனும் வேதவாக்கு கிடையாது, ஒண்ணு ரெண்டு சதவீதம் மாறும், மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால ரெண்டாவது ஸ்கேன் அதே சென்டர்ல அதே மாதிரி காலைல வெறும் வயித்துலன்னு சொல்லிட்டேன்.

நடுவுல பாத்துக்க இஞ்ச் டேப் போதும். டேப் காட்டற 26.9 ஸ்கேனோட ஒத்துப்போகல, பரவால்ல, தப்புனாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமா தப்புனா குறையுதா இல்லையான்னு தெரிஞ்சிரும்.

சாப்பாடு: கொழுப்பு இல்லாத எடைய வச்சு போடற ஃபார்முலால 370 கூட்டல் 21.6 பெருக்கல் 58, சுமாரா 1620 கலோரி சும்மா படுத்திருந்தாலே செலவாகும், உக்காந்த வேலைக்கு மொத்தம் 2250 பக்கம் வரும், அதுல 450 குறைச்சு 1800. புரோட்டீன் ஒரு நாளைக்கு 110 கிராம். மூணு முட்டை, மத்தியானம் சிக்கன் இல்லன்னா மீன், சாயந்தரம் சுண்டல், நைட் பன்னீர் இல்ல தயிர். இட்லிய எடுக்கல, ஆறு மூணாச்சு. ட்ரெட்மில்லும் வயித்துக்குப் படுத்து எந்திரிக்கறதும் மட்டுமே செஞ்சுட்டு இருந்தவர வாரம் மூணு நாள் வெயிட்டுக்கு மாத்துனாரு மாஸ்டர், அதுல மாஸ்டருக்கு முழு மார்க், ப்ளான கேட்டுட்டு ஈகோ இல்லாம ஏத்துக்கிட்டாரு.

நடந்தது

முதல் மாசம் 84 ல இருந்து 81.3. ரொம்ப சந்தோஷம். இதுல பாதி கிட்ட தண்ணின்னு சொன்னேன், மாவுச்சத்து குறைஞ்சா தசைக்குள்ள சேத்து வச்ச கிளைக்கோஜன் குறையும், ஒவ்வொரு கிராமோட மூணு கிராம் தண்ணி சேந்து போகும், உப்பு குறைஞ்சதும் ஒரு காரணம். அவருக்குப் புடிக்கல. ஒவ்வொரு திங்கக்கெழமையும் வீட்டு ஸ்கேல் சதவீதத்த ஷீட்ல போட்டு கோல் வெயிட்ட மறுபடி கணக்குப் போட்டுட்டு இருந்தாரு, அது ஒரு வாரம் 76, அடுத்த வாரம் 78னு குதிச்சுச்சு. ஷீட்ல அந்த வரிசையவே அழிக்கச் சொன்னேன். தினமும் காலைல எடை, ஏழு நாளோட சராசரி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ இடுப்பு. அவ்ளோதான்.

செப்டம்பர் நடுவுல 77.5, இடுப்பு 92. நல்லாப் போயிட்டு இருந்துச்சு, புரட்டாசி வந்துச்சு.

வீட்ல மாசம் முழுக்க கவுச்சி கிடையாது, முட்டையும் சேத்தி. அவரு என்கிட்ட சொல்லவும் இல்ல, சாப்பாட்ட மட்டும் அதே அளவுல வச்சுக்கிட்டு சிக்கன எடுத்துட்டு சாம்பார் ரசம் பொரியல்னு போயிட்டாரு. அக்டோபர் நடுவுல வந்தப்ப எடை 75.9, ரொம்ப உற்சாகமா வந்தாரு, டார்கெட்டுக்குள்ள வந்துட்டேன்னு. டேப்ப சுத்துனேன், 92 தான், அசையவே இல்ல. மாஸ்டருக்கு போன் போட்டுக் கேட்டேன், டம்பெல் 17.5 ல இருந்து 15க்கு எறங்கிட்டாருன்னாரு. எடை குறையுது, இடுப்பு குறையல, தூக்கற பலம் குறையுது, மூணும் ஒண்ணா வந்தா போறது கொழுப்பு இல்லைன்னு சந்தேகப்படணும். சாப்பாட எழுதிப் பாத்தா புரோட்டீன் 55, 60 கிராம்தான் வந்துச்சு. எடைய மட்டும் பாத்திருந்தா இது நல்ல மாசம்.

மீல் மேக்கர் 50 கிராம், அதுலயே 25 கிராம் புரோட்டீன் கெடைக்கும், பன்னீரக் கூட்டுனோம், ஒரு ஸ்கூப் வே புரோட்டீன். பாலுல இருந்து வர்றதுதான்னு சொன்னதால புரட்டாசிக்குப் பிரச்சனை இல்ல, ஆனா அவங்கம்மா "அந்தப் பவுடரு கிட்னியக் கெடுத்துரும் கண்ணு"ன்னு டப்பாவ ஒளிச்சு வச்சுட்டாங்க, நெஜமா. டாக்டர்கிட்ட கேட்டு, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் டெஸ்ட் நார்மல்னு ரிப்போர்ட்டக் காட்டுனதுக்கு அப்பறம்தான் டப்பா வெளிய வந்துச்சு.

தீபாவளிக்கு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறிருச்சுன்னு நைட் பத்து மணிக்கு வாட்ஸ்அப். ரெண்டு கிலோ கொழுப்பு ஏறணும்னா தேவைக்கு மேல 15,000 கலோரி சாப்டிருக்கணும், அவ்ளோ முறுக்கு உங்க வீட்ல சுட்டிருக்க மாட்டாங்கன்னு பதில் போட்டேன். ஒரு வாரத்துல 76 பக்கம் திரும்பி வந்துருச்சு.

எடையவிட அவரை அசைச்சது சொந்தக்காரங்கதான். நவம்பர்ல ஒரு கல்யாணத்துல பாத்தவங்க எல்லாரும் முகம் வத்திப்போச்சு, என்ன மாப்ள சுகரான்னு கேட்டிருக்காங்க. சுகர் வரக்கூடாதுன்னு குறைக்கற ஆளப் பாத்து! ரெண்டு வாரம் ஜிம்முக்கே போகல. அவரோட மனைவிதான் பழைய டெஸ்ட் ரிப்போர்ட்ட எடுத்துக் காட்டி அனுப்பி வச்சாங்க, நான் அதுல பெருசா ஒண்ணும் செய்யல.

முடிவு

ஜனவரி கடைசில அதே சென்டர்ல ரெண்டாவது ஸ்கேன். எடை 73.2, கொழுப்பு 23.5 சதவீதம். 26 கிலோவா இருந்த கொழுப்பு 17.2 ஆச்சு, 58 ஆ இருந்தது 56 ஆச்சு. மொத்தம் போன 10.8 கிலோல ரெண்டு கிலோ கொழுப்பு இல்லாத எடை, அதாவது அஞ்சுல ஒண்ணுக்குக் கொஞ்சம் கம்மி. புரட்டாசி மாசம் ஒழுங்கா இருந்திருந்தா இன்னும் கம்மியா இருந்திருக்கலாம், நிரூபிக்க முடியாது.

இடுப்பு 88, கழுத்து 37, டேப் கணக்கு 20.8. ஸ்கேன்ல 7.5 சதவீதம் குறைஞ்சிருக்கு, டேப்ல 6.1. டேப் ரெண்டு தடவையும் கம்மியாத்தான் காட்டுச்சு, ஆனா போக்கு சரியா காட்டுச்சு. ஹெச்பிஏ1சி 5.6. பிஎம்ஐ மட்டும் 25.3, நம்ம நாட்டு அளவுகோல்ல 25 தாண்டுனா இன்னும் ஒபிசிட்டி லிஸ்ட்தான், டாக்டர் இடுப்பையும் சுகரையும் பாத்துட்டு அதப் பெருசா எடுத்துக்கல.

பேப்பர்ல 450 கலோரி குறைச்சா மாசம் 1.75 கிலோன்னு வரும், அந்தக் கணக்குப்படி இந்த இடைவெளில 12, 13 கிலோ குறைஞ்சிருக்கணும். கல்யாணம், தீபாவளி, ஜிம்முக்குப் போகாத வாரம் எல்லாம் சேந்தா இப்படித்தான் ஆகும், நான் இத நல்ல ரிசல்ட்டுன்னுதான் சொல்லுவேன்.

அடுத்த கட்டத்துக்கு 20 சதவீதம்னு வச்சு புது நம்பர்ல போட்டோம்: 56 ஐ 0.8 ஆல வகுத்தா 70, இழப்பு சேத்தா 69. ஜூன்ல இதே 20க்கு பழைய 58 ஐ வச்சுப் போட்டிருந்தா 72.5 வந்திருக்கும், ரெண்டரை கிலோ வித்தியாசம், இதுக்குத்தான் கட்டம் கட்டமா மறுபடி போடறது.

அடுத்த கேஸ்ல மாத்தப்போறது

மெஷின் சதவீதத்தோட யாராச்சும் வந்தா கணக்கத் தொடறதுக்கு முன்னாடியே ப்ரொஃபைல் செட்டிங்கும் தொப்புள் நேர் இடுப்பும் பாத்துருவேன். ஸ்கேனுக்குக் காசு செலவு பண்ண முடியாதவங்களுக்கு டேப் ஃபார்முலால வர்றதோட மூணு நாலு சதவீதம் கூட்டி ஒரு தடவ, கூட்டாம ஒரு தடவ போட்டு ரெண்டுக்கும் நடுவுல ரேஞ்சா குடுக்கலாம்னு இருக்கேன். ஒரே ஆளோட வித்தியாசம்தான் இது, எல்லாருக்கும் பொருந்தும்னு சொல்ல வரல, ஆனா ஒத்த நம்பரவிடத் தேவல.

ஃபார்ம்ல இப்ப ஒரு கேள்வி சேத்திருக்கேன்: புரட்டாசி, கார்த்திகை, ரம்ஜான், லெந்து, எந்த மாசம் சாப்பாடு மாறும்? ப்ளான் போடற அன்னைக்கே அந்த மாசத்துக்குத் தனி லிஸ்ட் குடுத்தறது.

ரெண்டாவது கட்டத்த அவரு இன்னும் ஆரம்பிக்கல. 73, 74ல நிறுத்தி வச்சிருக்காரு, ஜிம் போறாரு, 1800 ஐ 2100 ஆக்கிட்டோம். எப்ப ஆரம்பிக்கலாம்னு கேட்டதுக்கு, "மார்ச் க்ளோசிங் முடியட்டுங்க மேடம்"னுட்டாரு.